தூத்துக்குடிக் கப்பலும் துறை அலமாரிக் கண்ணாடியும்



இந்த ஆண்டு நம் சங்கத்தின் சார்பில் கல்லூரிக்கு என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், "வி.ஆர். கண்ணாடி ஒரு இருபது வாங்கிக் கொடுத்துடலாம்ப்பா. மாட்டிக்கிட்டா போதும், பசங்க நேரா ரோமாபுரிக்கே போயிட்டு வந்துடுவாங்க" என்றார். எல்லோரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தபோது, நம் வரலாற்றுத் துறையின் பழைய அலமாரி நினைவுக்கு வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1980களில் படித்தவர்களுக்கு அந்த அலமாரி மறந்திருக்காது. பூட்டுக்குச் சாவி கிடையாது. ஆனாலும் யாரும் திறக்க மாட்டோம். அதற்குள் மரப்பிடி வைத்த ஒரு கண்ணாடி இருந்தது. முன்னால் ஒரு அட்டையைச் செருகி, கண்ணருகே பிடித்துப் பார்த்தால் படம் அப்படியே எழுந்து நிற்கும். ஸ்டீரியோஸ்கோப் என்று பெயர். எங்கள் பேராசிரியர் (பெயர் எழுத வேண்டியதில்லை, எந்தப் பேராசிரியர் என்று உங்களுக்கே தெரியும்) ஒருநாள் அதை வெளியே எடுத்து, வரிசையில் நிற்க வைத்துக் காட்டினார். தென்னாட்டுக் கோவில் குளம் ஒன்று. படிக்கட்டில் ஒரு பெரியவர். தண்ணீரைத் தொட்டுவிடலாம் போல் இருந்தது. என் பக்கத்தில் நின்றவன், "சார், எங்க தாத்தா மாதிரியே இருக்காரு!" என்று கத்தினான்.

அட்டையின் பின்பக்கம் ஆங்கிலத்தில் விளக்கம் இருந்தது. குளத்துக்குப் பெயர் போட்டிருந்தார்கள், ஊருக்குப் பெயர் போட்டிருந்தார்கள். அந்தப் பெரியவருக்குப் பெயர் இல்லை. அவர் இந்த நாட்டு மக்களில் ஒரு "வகை"யாம்! பேராசிரியர் மூன்றே கேள்வி கேட்டார். "யாருடா எடுத்த படம்? யாருக்குக் காட்ட எடுத்த படம்? எதை விட்டுட்டு எடுத்த படம்?" முதல் இரண்டு கேள்விக்கு ஏதோ சொன்னோம். மூன்றாவதற்கு வகுப்பே வாயடைத்துப் போயிற்று.

கண்ணை ஏமாற்றும் கலை

இன்றைய வி.ஆர். கண்ணாடிக்குத் தாத்தா அந்த ஸ்டீரியோஸ்கோப்தான் என்றால் மிகையாகாது. நம் இரண்டு கண்களும் சற்றே வேறுபட்ட இரண்டு காட்சிகளைப் பார்க்கின்றன; மூளை அவற்றை ஒன்றாக்கி ஆழத்தை உண்டாக்குகிறது. இதை விளக்கி 1838இல் கருவி செய்து காட்டியவர் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன். 2014இல் கூகுள் நிறுவனம் கொண்டுவந்த அட்டைப்பெட்டிக் கண்ணாடியும் இதே தத்துவம்தான். அட்டைக்குப் பதில் செல்போன். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும் என்பது கூடுதல் வித்தை.

இந்தக் கருவி பள்ளிக்கூடத்துக்குப் போனதும் புதிதல்ல. அமெரிக்காவில் அண்டர்வுட் அண்டு அண்டர்வுட், கீஸ்டோன் வியூ போன்ற கம்பெனிகள் பெட்டி பெட்டியாகப் படங்களைப் பள்ளிகளுக்கு விற்றன. 1907இல் அண்டர்வுட் கம்பெனி இந்தியாவைப் பற்றி நூறு படங்களையும் ஒரு வழிகாட்டிப் புத்தகத்தையும் வெளியிட்டது. படம் எடுத்து எழுதியவர் ஜேம்ஸ் ரிக்கல்டன். அதற்கு முன் நியூஜெர்சியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இந்தியாவைச் சுற்றலாம் என்பதே அந்தப் பெட்டி தந்த ஆசை. நம் நண்பர் சொன்ன ரோமாபுரிப் பயணமும் அதுதானே!

வகுப்பறைக்கு வந்த சாம்ராஜ்யம்

பிரிட்டிஷ் அரசு இதை இன்னும் பெரிய அளவில் செய்தது. 1902இல் குடியேற்ற நாடுகளின் அமைச்சராக இருந்த ஜோசப் சேம்பர்லின் காலத்தில் "காட்சிவழிக் கல்விக் குழு" ஒன்று அமைந்தது. கண்ணாடிச் சில்லுகளில் படம் பதித்து, இருட்டறையில் விளக்கொளியால் சுவரில் பெரிதாகக் காட்டும் "மேஜிக் லாந்தர்"தான் அதன் ஆயுதம். சினிமாக் கொட்டகை வராத காலம். சுவர் நிறையப் படம் என்றால் பிள்ளைகள் எப்படி வாய் பிளந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

குழுவின் மூளை புகழ்பெற்ற புவியியல் அறிஞர் ஹால்ஃபோர்ட் மெக்கிண்டர். படம் பிடிக்க அனுப்பப்பட்டவர் ஹியூ ஃபிஷர் என்ற ஓவியர். 1907 அக்டோபரில் புறப்பட்ட அவருடைய முதற் பயணத்தில் இலங்கை, இந்தியா, பர்மா எல்லாம் அடங்கின. மூன்று ஆண்டுகள் சாம்ராஜ்யத்தைச் சுற்றி அவர் சேர்த்த படங்கள் இன்றும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.

மெக்கிண்டர் அவருக்குக் கொடுத்த வேலைத்திட்டத்தில் இரண்டு கூடைகள் இருந்தன. முதற் கூடை: அந்தந்த நாட்டின் இயல்பான நிலமும் மக்களும். இரண்டாவது: பிரிட்டிஷ் ஆட்சி மேலே சேர்த்துக் கொடுத்த அம்சங்கள். அதாவது கோவில், காளை மாடு, சாமியார் எல்லாம் ஒரு கூடை. இருப்புப்பாதை, பாலம், ஆஸ்பத்திரி எல்லாம் மறு கூடை. படம் பிடிக்கும் முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது! பார்க்கும் பிள்ளைக்கு யாரும் "இவர்கள் பின்தங்கியவர்கள்" என்று சொல்லவே வேண்டியதில்லை. இரண்டு படத்தை அடுத்தடுத்துக் காட்டினால் போதும், அவனே சொல்லிக்கொள்வான்.

படம் ஒருவழியாக மட்டும் போகவில்லை. இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு இந்தியாவைக் காட்டியது போல, நம் பிள்ளைகளுக்கு இங்கிலாந்தைக் காட்டவும் பாடங்கள் தயாராயின. அதில் நமக்குக் காட்டியது லண்டன் மாநகரம், தொழில் நகரங்கள், ரயில், கடற்படை. அவர்களுக்கு நம் "வகை"கள்; நமக்கு அவர்கள் கப்பல்கள்.

காணாமல் போன கப்பல்

கப்பல் என்றதும் தூத்துக்குடிக்கு வருகிறேன். மெக்கிண்டர் எழுதிய இந்தியா பற்றிய எட்டுப் பாடங்கள் 1910இல் அச்சாயின. முதற் பாடம் சென்னை மாகாணமும் இந்து சமயமும். மாணவனைக் கொழும்பிலிருந்து கடல் கடத்தித் தூத்துக்குடியில் இறக்கித்தான் அந்தப் பயணம் தொடங்குகிறது.

கொழும்பு-தூத்துக்குடி! எந்தக் காலத்தில்? 1906 அக்டோபரில் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய்; பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 1907இல் "காலியா", "லாவோ" என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. அவை ஓடியது இதே கடல்வழியில்தான். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் காசே வாங்காமல் ஆள் ஏற்றவும் துணிந்தது. 1908 பிப்ரவரி 27இல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கிக் கூலி உயர்வு பெற்றார்கள். ஃபிஷருடைய முதற் பயணம் முடிவதற்கு முன்பே, 1908 மார்ச் 12இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டார்கள். ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை; பின்பு மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

முதற் பாடத்தில் தூத்துக்குடி இருக்கிறது. வ.உ.சி. இல்லை. ஏன் இல்லை என்று யோசித்தால், எங்கள் பேராசிரியரின் மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்கிறது. தமிழன் பங்கு போட்டு வாங்கிய நீராவிக் கப்பலை எந்தக் கூடையில் போடுவது? அது பழைய நாட்டின் மாறாத பழக்கமும் அல்ல, வெள்ளைக்காரர் கொடுத்த கொடையும் அல்ல. இரண்டு கூடையிலும் அடங்காத ஒன்று அந்தச் சுவரில் வர வழியே இல்லை. முத்திரை குத்துவது என்பது பொய் சொல்வது மட்டுமல்ல. உள்ளதில் பாதியை மட்டும் அழகாகக் காட்டுவதும் முத்திரைதான்.

கண்ணாடி கை மாறினால்

அப்படியானால் வி.ஆர். வேண்டாமா? நான் அப்படிச் சொல்ல வரவில்லை. கருவி அதுவேதான், பிடிக்கிற கை மாறினால் கதை மாறும். 2016இல் வெளிவந்த "கொலிஷன்ஸ்" என்ற வி.ஆர். படத்தில், மேற்கு ஆஸ்திரேலியாவின் மார்ட்டு இனத்துப் பெரியவர் நியாரி மார்கன், 1950களில் தாம் பாலைவனத்தில் கண்ட பிரிட்டிஷ் அணுகுண்டுச் சோதனையைத் தாமே சொல்கிறார். அவர் "வகை" அல்ல, பெயருள்ள சாட்சி. 2022இல் வந்த "சைல்டு ஆஃப் எம்பயர்" 1947 பிரிவினையின்போது எல்லை கடந்தவர்களின் நினைவுகளுக்குள் நம்மை நடக்க வைக்கிறது. இந்தியாவுக்கு வந்தவர், பாகிஸ்தானுக்குப் போனவர் என்று இரு பக்கத்துக் குரலும் அதில் உண்டு.

ஆனால் இதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. தலையை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம் என்பதால், எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. கேமராவை எங்கே வைப்பது என்பதை நமக்கு முன்பே ஒருவர் முடிவு செய்துவிட்டார் என்பது மறந்துபோகிறது. "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? இன்னொன்று: பிறர் தயவில் வரும் பாடம் பிறர் நினைத்தால் நின்றும் போகும். பள்ளிகளுக்காகக் கூகுள் 2015இல் தொடங்கிய "எக்ஸ்பெடிஷன்ஸ்" வி.ஆர். பயணங்கள் 2021இல் நிறுத்தப்பட்டுவிட்டன.

ஆகவே சங்கத்துக்கு என் தாழ்மையான யோசனை இது. இருபது கண்ணாடி வேண்டாம், ஐந்து போதும். மிச்சப் பணத்தில் மாணவர்களே ஒரு காட்சியை உருவாக்கட்டும். 1908ஆம் ஆண்டுத் தூத்துக்குடித் துறைமுகமே முதற் காட்சியாக இருக்கட்டும். வரலாற்று மாணவர்கள் ஆவணம் தேடட்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகள் படம் கட்டட்டும். தமிழ்த்துறை குரல் கொடுக்கட்டும்.

எங்கே நின்று பார்ப்பது என்று அவர்கள் சண்டை போடுவார்கள். போடட்டும்! சுதேசிக் கப்பலின் தளத்திலா? வெள்ளைக்காரக் கம்பெனி ஆபீஸிலா? கோரல் மில் வாசலிலா? வ.உ.சி.யை மட்டும் சிலையாக நடுவில் நிறுத்திவிட்டு மில் தொழிலாளியையும் மூட்டை தூக்கியவரையும் ஓரமாகத் தள்ளினால், நாமும் இரண்டு கூடை வைத்துக்கொண்டவர்கள்தான். ஆதாரம் உள்ளது எது, நம் ஊகம் எது என்று காட்சியிலேயே தெரியும்படி நிறம் பிரித்துக் காட்ட வேண்டும். ஊகத்தை உண்மைபோலக் காட்டினால் அந்தப் பழைய அட்டைக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

பழைய அட்டைகளை எறிந்துவிடவும் கூடாது. அந்தக் குளப்படிக்கட்டுப் படத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டும். "படத்தைக் கிழிச்சா கேள்வியும் கிழிஞ்சு போயிடும்டா" என்பார் எங்கள் பேராசிரியர். இன்று அவர் இல்லை. அலமாரி இருக்கிறதா, அந்தக் கண்ணாடி இருக்கிறதா என்று இந்தச் சந்திப்புக்கு வரும்போது கட்டாயம் போய்ப் பார்க்கப் போகிறேன். இருந்தால், புதிய கண்ணாடிகளுக்குப் பக்கத்திலேயே அதையும் வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

புதிய கண்ணாடியை மாட்டப்போகும் தம்பி தங்கையரே! மாட்டுவதற்கு முன் ஒருமுறை, கழற்றிய பின் ஒருமுறை, அந்த மூன்று கேள்வியையும் கேட்டுவிடுங்கள். யார் எடுத்தது? யாருக்காக? எதை விட்டுவிட்டு? மூன்றாவது கேள்விக்கு அன்று நாங்கள் பதில் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

வாழ்க நம் கல்லூரி!

— வரலாற்றுத் துறை முன்னாள் மாணவர்