அகச்சிவப்பு ஹெட்போன் சுற்று

தொலைக்காட்சி, வானொலி ஆகியவற்றின் ஒலியைக் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் ஏற்றி, கம்பியின்றி ஹெட்போனில் கேட்க உதவும் மின்னணுச் சுற்று. அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1880இல் சூரிய ஒளிக்கற்றையில் பேச்சை அனுப்பிய ஒளிபேசி இதன் முன்னோடி.

அமைப்பு: அனுப்பியில், ஒலிக்குறிகை மின்தேக்கி வழியாக பிசி 548 டிரான்சிஸ்டரின் பேஸை அடைகிறது. கலெக்டரில் இணைத்த 940 நானோமீட்டர் எல்.இ.டி.யில் சுமார் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டம் எப்போதும் ஓட வேண்டும். ஒலிக்கேற்ப அது கூடிக் குறைய, ஒளியும் கூடிக் குறையும். இந்த அடிப்படை மின்னோட்டம் இல்லாவிட்டால் அலையின் ஒரு பாதி வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். ஏற்பியில் ஒளிடிரான்சிஸ்டர் ஒளியை மீண்டும் மின்குறிகையாக்க, எல்.எம். 386 ஐ.சி. அதைப் பெருக்கி ஹெட்போனுக்குத் தருகிறது. அனுப்பி, ஏற்பி ஒவ்வொன்றுக்கும் ஒரு 9 வோல்ட் பேட்டரி போதும்.

வரம்புகள்: சில மீட்டர் தூரமே எட்டும், சுவரைத் தாண்டாது. குண்டு பல்பின் வெளிச்சம் பட்டால் 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்கும். ஏற்பியை விளக்குக்கு எதிர்ப்புறம் திருப்பினால் குறையும்.

கொங்கு நாட்டில்: இதுபோன்ற மின்கருவிகளை உள்ளூரிலேயே மலிவாகச் செய்யும் முயற்சிக்குக் கோவையில் வலுவான மரபு உண்டு. ஐந்து வால்வு வானொலியை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று 1941இல் அறிவித்த ஜி.டி. நாயுடு (1893–1974) அதன் தலைமகன்.