வீட்டு வரிக்காக ஜெயிலுக்குப் போன கவுன்சிலர்கள்

உள்ளாட்சி பட்ஜெட்டை ஆசையாகப் படிப்பவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் "வீட்டு வரி உயர்வு" என்று ஒரு செய்தி வந்தால் போதும், ஊரே பேசும். அந்த வரி ஏன் ஏறியது, யாருடைய செலவுக்காக ஏறியது என்று கேட்டு ஒரு நகர மன்றமே சிறைக்குப் போன கதை இது. நடந்தது 1921-ல், லண்டனின் கிழக்குப் பகுதியான பாப்லரில்.

பாப்லர் துறைமுகத் தொழிலாளர்கள் வாழ்ந்த இடம். அன்றன்று வேலை கிடைத்தால் கூலி, இல்லாவிட்டால் பட்டினி. 1919 தேர்தலில் அங்கே மொத்தம் 42 இடங்களில் 39-ஐ தொழிற்கட்சி பிடித்தது. ஜார்ஜ் லான்ஸ்பரி மேயரானார். மன்ற ஊழியர்களுக்கு, ஆண் பெண் என்ற வித்தியாசம் இல்லாமல், வாரத்துக்குக் குறைந்தது 4 பவுண்டு சம்பளம் என்று முடிவு செய்தார்கள். அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம்!

அடுத்து முதல் உலகப் போருக்குப் பிந்தைய மந்தம் வந்தது. வேலையில்லாதவர் கூட்டம் பெருகியது. இங்கேதான் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அப்போது 'ரேட்ஸ்' எனப்பட்ட வரியை வீட்டின் வருட வாடகை மதிப்பை வைத்துப் போட்டார்கள். ஏழைகளுக்கான நிவாரணச் செலவின் பெரும்பகுதியை அந்தந்தப் பகுதியே இந்த வரியிலிருந்து கொடுக்க வேண்டும். ஒரு பணக்காரப் பகுதியின் மொத்த வாடகை மதிப்பு 40 லட்சம் பவுண்டு, ஓர் ஏழைப் பகுதியுடையது 10 லட்சம் பவுண்டு என்று வைத்துக்கொள்வோம் (இது நான் போட்ட உதாரணம்தான்). இரண்டுக்கும் 50,000 பவுண்டு செலவு. முதல் பகுதியில் பவுண்டுக்கு 3 பென்ஸ் வசூலித்தால் போதும். இரண்டாவதில் 12 பென்ஸ் வேண்டும். உண்மையில் ஏழைப் பகுதியில்தான் நிவாரணம் கேட்டு வருபவர்களும் அதிகம். ஆக, எங்கே வறுமை அதிகமோ அங்கேதான் வரி விகிதமும் அதிகம்!

இது போதாதென்று, லண்டன் கவுண்டி கவுன்சில், போலீஸ், குடிநீர் வாரியம் போன்ற பொது அமைப்புகளின் பங்கையும் பாப்லர் மன்றமே தன் மக்களிடம் வசூலித்துக் கட்ட வேண்டும். 1921 மார்ச்சில் மன்றம் ஒரு முடிவெடுத்தது. உள்ளூர்ச் செலவுக்கும் நிவாரணத்துக்கும் மட்டும் வரி போடுவோம், மேலே உள்ளவர்களின் பங்கை வசூலிக்க மாட்டோம் என்றார்கள். லண்டனின் பணக்காரப் பகுதிகளும் ஏழைகளின் சுமையில் பங்கேற்க வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை.

வழக்கு உயர் நீதிமன்றம் போனது. கவுன்சிலர்கள் ஊர்வலமாகவே நீதிமன்றத்துக்குப் போனார்கள். உத்தரவை ஏற்க மறுத்ததால் செப்டம்பரில் 30 பேர் சிறைக்குப் போனார்கள். ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறையில், 5 பெண்கள் ஹாலோவே சிறையில். பெண்களில் ஒருவரான நெல்லி கிரெஸ்ஸல் அப்போது கர்ப்பிணி. வேடிக்கை என்னவென்றால், மன்றக் கூட்டம் பிரிக்ஸ்டன் சிறைக்குள்ளேயே நடந்தது. ஹாலோவேயிலிருந்த பெண்களை அதற்காக அழைத்து வந்தார்கள்!

பக்கத்து மன்றங்களும் இதே வழியில் போகத் தயாரானதும் அரசு இறங்கி வந்தது. அக்டோபர் 12 அன்று விடுதலை. அந்த ஆண்டே வந்த சட்டம், ஏழை நிவாரணச் செலவின் பெரும்பகுதியை லண்டன் முழுக்கப் பகிர்ந்துகொள்ள வழி செய்தது. கேட்டது கிடைத்தது. ஆனால் விலையும் இருந்தது. சிறை சென்ற மின்னி லான்ஸ்பரி (ஜார்ஜின் மருமகள்) 1922 ஜனவரி 1 அன்று நிமோனியாவில் இறந்தார். வயது 32.

கதையின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த 4 பவுண்டு சம்பளம் தணிக்கையில் மாட்டியது. விலைவாசி குறைந்த பிறகும் அதே சம்பளம் கொடுத்தது நியாயமில்லை, வரி கட்டுபவர்களின் பணத்தைப் பொறுப்போடு செலவழிக்க வேண்டும் என்று 1925-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இந்த வாதத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. வரி கட்டியவர்களிலும் பலர் ஏழைகள்தானே?

பி.காம். படிப்பில் செலவைப் பல துறைகளுக்குப் பங்கிடுவது பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். எந்த அடிப்படையில் பங்கிடுகிறோம் என்பதுதான் அங்கே முக்கியம். பாப்லர்காரர்கள் கேட்டதும் அதே கேள்விதான். ஆகவே வீட்டு வரி எவ்வளவு ஏறியது என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், யார் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?