கொழும்பில் இந்தியத் தூதர்கள்

இலங்கையில் இந்திய அரசின் முதல் அலுவலகம் கொழும்பில் அமையவில்லை, கண்டியில் அமைந்தது. 1922-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, 1923-இல் ஒரு முகவர் அங்கு நியமிக்கப்பட்டார். தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களின் கூலியையும் குறைகளையும் கவனிப்பதே அவர் வேலை. அரசியல் பேச்சுக்கு அங்கு இடமில்லை.

விடுதலைக்குப் பின் வந்த முதல் உயர் ஆணையர் வி.வி. கிரி. தொழிற்சங்கத் தலைவராகவும் சென்னை மாகாணத் தொழிலாளர் அமைச்சராகவும் இருந்தவரை அனுப்பியது பொருத்தமான தேர்வு. ஆனால் அவர் பதவியில் இருந்தபோதே, 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மனிதரைக் கணக்கில் பிரித்த உடன்பாடு அது. கடவுச்சீட்டும் பயண ஏற்பாடும் கண்டி அலுவலகத்தின் அன்றாட வேலையாயின. பின்னர் 2000-இல் உயர் ஆணையரான கோபாலகிருஷ்ண காந்தி, அதற்கு முன் அங்கு பணியாற்றியவர்.

1985-இல் வந்த ஜே.என். தீட்சித் காலத்தில்தான் பதவியின் எடை உச்சத்தை எட்டியது. 1987 ஜூலை 29-இல் கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் அவர் பங்கு பெரிது. கொழும்பில் பலர் அவரை 'வைஸ்ராய்' என்றே ஏசினர். 2004-இல் நிருபமா ராவ் இப்பதவிக்கு வந்த முதல் பெண்ணானார். 2010-இல் யாழ்ப்பாணத்திலும் அம்பாந்தோட்டையிலும் துணைத் தூதரகங்கள் திறக்கப்பட்டன.