பங்கு எல்லையும் சாதி எல்லையும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தால், கோயில் வாசலில் புதிதாகக் குடிவந்தவரிடம் ஒரு கேள்வி கேட்பார்கள்: "உங்களுக்குச் சொந்த ஊர் எது? அங்கே எந்தப் பங்கு?" கேட்பவர் சிரித்துக்கொண்டுதான் கேட்பார். ஆனால் ஊர்ப் பெயரை வைத்துத் தெருவையும், தெருவை வைத்துச் சாதியையும் கண்டுபிடிக்கத்தான் பல நேரங்களில் அந்தக் கேள்வி என்பது நமக்குத் தெரியும்.

பக்கத்துப் பங்குகள் கைகோத்து ஒரே இறைமக்கள் சமூகமாக இயங்க வேண்டும் என்கிறார்கள். நல்லது, வரவேற்போம். அதற்கு முன் பங்குகளைப் பிரித்த கோடுகளின் வரலாற்றை நாம் படித்துவிட வேண்டும்.

திருச்சபைச் சட்டப்படி பங்கு என்பது பொதுவாக ஒரு நிலப்பரப்பு. அந்த எல்லைக்குள் வாழும் கத்தோலிக்கர் எல்லோரும் அந்தப் பங்கின் மக்கள். அருகருகே உள்ள பங்குகளைச் சேர்த்து மறைவட்டம் அமைக்கவும் அதே சட்டம் வழி சொல்கிறது. அதில் சாதிக்கு ஒரு வரிகூட இடமில்லை.

மேலே இருப்பவர்கள் நினைத்தால் எல்லைகள் மாறவும் செய்யும். 1606இல் உருவான மயிலை மறைமாவட்டம் போர்த்துகீசிய அரசின் ஆதரவில் இருந்தது. 1832இல் ரோமின் நேரடிப் பொறுப்பில் சென்னைக்குத் தனி ஆட்சி வந்தது. பக்கத்துப் பக்கத்துக் கோயில்கள் இரண்டு ஆயர்களின் கீழ் நூறாண்டுக்கு மேல் பிரிந்து கிடந்தன. 1952இல் இரண்டும் ஒன்றாகி சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம் ஆனது. 2002இல் அதிலிருந்து செங்கல்பட்டு மறைமாவட்டம் பிரிந்தது. தாம்பரம் பகுதிப் பங்குகள் இன்று அதற்குள் இருக்கின்றன.

ஓர் ஆணையில் இரண்டு ஆட்சிகளை ஒன்றாக்க முடிந்த திருச்சபையால், ஒரே கோயிலுக்குள் நின்ற சாதிச்சுவரை ஏன் அவ்வளவு எளிதாக எடுக்க முடியவில்லை?

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலை வேளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம் என்று சுவர் பிரித்தது. அது இடிக்கப்பட 1910 வரை ஆனது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்த பிறகும் பிரிக்க ஒரு சுவர் நின்றது.

எறையூரை மறக்க முடியுமா? அங்கே தலித் கத்தோலிக்கருக்குத் தனிக் கல்லறை, சவ ஊர்வலத்துக்குத் தனிப் பாதை. மானத்தோடு வழிபட எங்களுக்குத் தனிப்பங்கு வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. கலவரத்தில் காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தார்கள்.

தோழர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எறையூர் மக்கள் பிரிவினையை விரும்பித் தனிப்பங்கு கேட்கவில்லை. ஏற்கெனவே பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் கேட்டார்கள். பாதையில், பாடையில், கல்லறையில் பிரித்தபோது வாய் திறக்காதவர்கள், தனிப்பங்கு என்றதும் 'ஒற்றுமை' பேசுவது எந்த ஊர் நியாயம்?

உண்மையான ஒன்றுசேர்தலுக்கும் நம் மாவட்டத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலைபற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்க வழி பிறந்தது. அந்த நிலம் கைமாறிப் போனதால், நூறாண்டுக்குப் பின் மாமல்லபுரம் அருகே காரணையில் மக்கள் அதை மீட்கத் திரண்டார்கள். 1994 அக்டோபர் 10 அன்று போராட்டத்தின் மீது காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். அந்த இரு பெயர்களையும் அருகருகே வைத்து வாசியுங்கள். நிலத்துக்காகக் கூடியவர்கள் ஒருவரிடம் ஒருவர் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கவில்லை.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட கொள்கை ஆவணம் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று ஒப்புக்கொண்டது. சாதிப் பாகுபாடு பாவம் என்று சொல்லும் ஆவணங்களுக்குப் பஞ்சமில்லை. அவை பங்குப் பேரவை மேசைக்கு வந்து சேர்ந்தனவா என்பதுதான் கேள்வி.

எனவே பங்குகள் இணையும் கூட்டத்துக்கு உங்களைக் கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள். போய்க் கேளுங்கள்: கூட்டுக்குழுவில் முடிவெடுக்கும் இடத்தில் தலித்துகள் எத்தனை பேர்? தேர் எந்தத் தெருவரை போகும், எங்கே திரும்பிவிடும்? கல்லறை எல்லோருக்கும் ஒன்றா? அன்பியக் கூட்டம் யார் வீட்டுக்கு மட்டும் போவதில்லை? தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதி உரிமையிலிருந்து வெளியே நிறுத்திய 1950 ஆகஸ்ட் 10 ஆணைக்கு எதிராக எல்லாப் பங்குகளும் சேர்ந்து தெருவில் நிற்குமா?

இவற்றுக்கு நேர்மையான பதில் வந்தால், தோரணம் கட்டவும் நாற்காலி தூக்கவும் நாமே முதலில் நிற்போம். பதில் வராவிட்டால், அடுத்த கூட்டத்திலும் இதே கேள்விகளோடு போவோம்.