அருங்காட்சியகத்தில் அருகன் திருவுருவம்

கோயிலில் எழுந்தருளிய திருவுருவத்தைக் குழந்தைக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. தாய் கைகூப்பக் கண்டு தானும் கைகூப்பும். அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழையருகே உள்ள சில வரிக் குறிப்பே வழித்துணை. ஆகவே அங்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியரின் பொறுப்பு பெரிது.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள ஆசியக் கலை அருங்காட்சியகம் இதற்குத் தக்க சான்றாகும். பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் தலைவராக 1952 முதல் 1972 வரை விளங்கிய ஏவரி பிரண்டேஜ், தாம் திரட்டிய கலைச்செல்வங்களை அந்நகருக்கு அளிக்க 1959இல் முன்வந்தார். கட்டடச் செலவுக்கு நகரமக்கள் 1960இல் வாக்களித்து இசைவு தந்தனர். 1966இல் கோல்டன் கேட் பூங்காவில் திறக்கப்பட்ட அக்கூடம், 2003இல் புதுப்பிக்கப்பட்ட பழைய நூலகக் கட்டடத்திற்கு இடம்பெயர்ந்தது. இன்று அங்கே 18,000க்கும் மேற்பட்ட கலைப்பொருள்கள் உள்ளன. மாணவர்க்கு வழிகாட்டுவோரும் ஆசிரியர்க்குரிய பாடத்துணை ஏடுகளும் உண்டு.

அதன் காட்சிக்கூடங்கள் இந்தியாவில் தொடங்கித் தென்கிழக்காசியா, இமயநாடுகள், சீனம், கொரியா, சப்பான் என்று செல்கின்றன. பௌத்தம் பரவிய வழியை ஒட்டி அமைந்த வரிசை இது. சமணமோ அவ்வாறு கடல்கடந்தும் மலைகடந்தும் பரவவில்லை. துறவியர் நடந்தே சென்று அறம் உரைத்த நெறி அது. ஆதலின் வரிசையின் போக்கிலேயே நடக்கும் மாணவன், அமர்ந்து தியானிக்கும் திருவுருவம் எதனையும் புத்தர் என்றே எண்ணிவிடக்கூடும். ஆசிரியர் வேண்டுமென்றே நிறுத்திக் காட்டவேண்டிய இடம் இதுவே.

அங்குள்ள பொன்முலாம் பூசிய வெண்கலப் புத்தர் உருவம் ஒன்று கி.பி. 338ஆம் ஆண்டினது, ஆண்டு பொறிக்கப்பெற்ற சீனப் புத்தர் உருவங்களுள் இதுவரை அறியப்பட்டவற்றில் மிகப் பழையது. அதனைத் திகம்பரத் தீர்த்தங்கரர் உருவத்தோடு ஒப்பிடச் செய்வது நல்ல பாடமாகும். விடையை முதலில் கூறாமல் வினாவை முதலில் எழுப்புதல் வேண்டும். தோளில் ஆடை உண்டா? தலையுச்சியில் முடிப்பு எழுந்துள்ளதா? தலைக்குமேல் முக்குடை உண்டா? பீடத்தில் காளையா, சிங்கமா? நாகம் குடைபிடிக்கிறதா? நின்ற உருவமாயின் கைகள் உடலை ஒட்டித் தொங்குகின்றனவா? புத்தர் நிலந்தொட்டும் அறமுரைத்தும் அமர்வதுண்டு. அமர்ந்த தீர்த்தங்கரர்க்கோ தியானநிலை ஒன்றே. இவற்றைத் தானே கண்டுரைத்த மாணவன் பின்னர் மயங்கான்.

இம்முறைக்கு அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. கழுகுமலைப் பாறையில் பார்சுவநாதரும் பாகுபலியும் சிங்கத்தோடு அம்பிகையும் வரிசையாக விளங்குகின்றனர். பாகுபலியின் உடலில் கொடி படர்ந்தது ஏன் என்னும் ஒரு வினாவே ஒருநாள் பாடத்திற்குப் போதும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் சமணப் பகுதியும் அத்தகையதே.

தமிழ்ச் சமணர் பிள்ளைகள் இன்று பல நகரங்களிலும் நாடுகளிலும் வளர்கின்றனர். பாட்டியின் மடியில் கேட்கவேண்டிய தீர்த்தங்கரர் வரலாறுகளைக் கேளாமலே வளர்வோர் பலர். அருகன் திருவுருவத்தின்முன் நின்றும் அது யாருடையது என்று அறியாமல் அவர்கள் கடந்துபோகும் நிலை வருமாயின், அவ்விழப்பை எந்தக் கண்ணாடிப் பேழையாலும் காக்க இயலாது. விழாநாளில் ஆலயம் செல்லும் பெற்றோர், வணங்கியபின் சிறிதுநேரம் பிள்ளையைப் பீடத்தருகே நிறுத்தி, “இலாஞ்சனை எது?” என்று கேட்பாராக.