மூன்று சிறு துளைகள்தானா? லேப்ராஸ்கோபி சிகிச்சையும் அதன் பிந்தைய நாட்களும்

ஜுமுஆ முடிந்து பள்ளியில் அமர்ந்திருக்கும்போது சிலர் தயங்கியபடியே நம்மிடம் வருவதுண்டு. மனைவிக்கோ மகளுக்கோ லேப்ராஸ்கோபி செய்யச் சொல்லியிருப்பார்கள். ஆண் மருத்துவர் செய்யலாமா, இரத்தம் பட்டால் தொழலாமா, எத்தனை நாளில் வீட்டு வேலை பார்க்கலாம் என்று கேட்பார்கள். "பெரிய ஆபரேஷன் இல்லை ஹஜ்ரத், மூன்று சின்ன ஓட்டைதான்" என்றும் சேர்த்துச் சொல்வார்கள்.

தோலில் தெரியும் வெட்டு சிறியதுதான். ஆனால் உள்ளே நடப்பதும் சிறியது என்று அதற்குப் பொருளல்ல. இதைப் புரிந்து கொள்ளாத வீடுகளில் நோயாளிப் பெண் நான்காம் நாளே அடுப்படியில் நிற்கிறாள். எனவே இச்சிகிச்சை பற்றி அறிய வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

எதற்காகச் செய்கிறார்கள்?

தீராத அடிவயிற்று வலி, குழந்தைப்பேறு தாமதம், சினைப்பைக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், கருக்குழாயில் தங்கிய கரு ஆகியவற்றுக்காக இது செய்யப்படுகிறது. கர்ப்பப்பையை அகற்றவும் இம்முறை பயன்படுகிறது. நோய்க்கு மருந்து தேடுவது நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழி. வெட்கத்தால் வலியை மறைத்துக் காலம் கடத்துவதைப் பொறுமை என்று எண்ணிவிடக் கூடாது.

பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடமே செல்ல வேண்டும். கிடைக்காதபோதும், அந்தச் சிகிச்சையில் தேர்ந்தவர் ஆண் மருத்துவராகவே இருக்கும்போதும் தேவையின் அளவுக்கு மார்க்கம் அனுமதி தருகிறது. பெண் செவிலியர் உடனிருக்க வேண்டும் என்றும், தேவையான பகுதி தவிர மற்றவை மூடப்பட வேண்டும் என்றும் முன்கூட்டியே கேட்டுக் கொள்ளலாம்.

கையெழுத்துக்கு முன்

என்ன செய்யப் போகிறார்கள், உள்ளே வேறு ஏதேனும் தென்பட்டால் என்ன செய்வார்கள், வயிற்றைத் திறந்து செய்யும் நிலை வருமா என்று கேளுங்கள். குடல், சிறுநீர்ப்பை, இரத்தக் குழாய் ஆகியவற்றில் காயம் ஏற்படும் வாய்ப்பு குறைவு; ஆனால் இல்லாமல் இல்லை. பரிசோதனைக்காக மட்டும் செய்யும் லேப்ராஸ்கோபியில் ஆயிரம் பேரில் சுமார் 2 பேருக்குப் பெரிய சிக்கல் வரலாம் என்கிறது மருத்துவ உலகம்.

இது தொடர்பாக நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் 2008-ல் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. பரிசோதனை லேப்ராஸ்கோபிக்குச் சம்மதித்த ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது, தாயாரின் சம்மதத்தைப் பெற்றுக் கொண்டு அவருடைய கர்ப்பப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் உறுப்பை அகற்றுவதற்கான சம்மதம் ஆகாது, உயிரைக் காக்கும் அவசரம் இல்லாத நிலையில் தாயாரின் சம்மதமும் செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. உடல் அவளுடையது, முடிவும் அவளுடையது. கணவரும் பெற்றோரும் ஆலோசனை சொல்லலாம். அவளுக்குப் பதிலாகத் தலையாட்ட முடியாது.

சிகிச்சை நாளில்

பொதுவாக 6 மணி நேரத்திற்கு முன்பே உணவை நிறுத்தச் சொல்வார்கள். தண்ணீரை எப்போது நிறுத்துவது என்பதை மயக்க மருத்துவர் சொல்வார். சர்க்கரை நோய்க்கோ இரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து எடுப்பவர்களும், முன்பு சிசேரியன் ஆனவர்களும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நகப்பூச்சை நீக்கிவிட வேண்டும். ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியை விரலில்தான் மாட்டுவார்கள்.

முழு மயக்கம் தரப்பட்டதும் தொப்புள் அருகே சுமார் 1 சென்டிமீட்டர் அளவில் துளையிட்டு, கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பச் செய்வார்கள். கேமரா உள்ளே செல்லும். மேலும் இரண்டு மூன்று சிறு துளைகள் வழியே கருவிகள் செல்லும். பரிசோதனை மட்டும் என்றால் அரைமணி நேரம் அளவில் முடியலாம். கட்டியோ கர்ப்பப்பையோ அகற்றுவதாக இருந்தால் நேரம் கூடும்.

கண் விழித்த பின்

தொண்டையில் கரகரப்பு, குமட்டல், வயிறு உப்புசம் ஆகியவை இருக்கும். பலருக்குத் தோள்பட்டை வலிக்கும். மீதமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துவதே இதற்குக் காரணம். ஓரிரு நாட்களில் குறைந்துவிடும். மெல்ல எழுந்து நடப்பது நல்லது. சில நாட்களுக்குச் சிறிதளவு இரத்தக் கசிவும் இருக்கலாம்.

தொழுகை

சிகிச்சைக்கு முன் வக்து வந்துவிட்டால் தொழுதுவிட்டே செல்லுங்கள். மயக்கத்தில் தவறிய தொழுகையைக் களாச் செய்ய வேண்டும். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். குனிந்தால் தையல் வலிக்கும் என்றால் ருகூவையும் ஸஜ்தாவையும் சைகையால் செய்யலாம்.

கட்டின் மீது ஈரக் கையால் மஸஹ் செய்யலாம். தண்ணீரே தீங்கு தரும் என்றால் தயம்மும் உண்டு. காயம்பட்ட ஒருவரைக் குளித்தே ஆக வேண்டும் என்று தோழர்கள் சொல்ல, அவர் குளித்து இறந்து போனார். நபி (ஸல்) அவர்கள் அதை வன்மையாகக் கண்டித்தார்கள் என்ற செய்தியை நாம் மறந்துவிடக் கூடாது.

சிகிச்சைக் காயத்திலிருந்து வரும் கசிவு ஹைள் அல்ல. அதற்காகத் தொழுகையை விடக் கூடாது. கசிவு நிற்காவிட்டால் ஒவ்வொரு வக்து வந்த பின்னும் சுத்தம் செய்து ஒளு செய்து தொழ வேண்டும். மாதவிடாய் நாட்களோடு கலந்து சந்தேகம் வந்தால், தேதிகளைக் குறித்துக் கொண்டு உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் கேளுங்கள்.

ஓய்வு எத்தனை நாள்?

பரிசோதனை மட்டும் என்றால் பெரும்பாலோர் ஒரு வாரத்தில் இயல்பு நிலைக்கு வருவார்கள். கட்டி அகற்றியவர்களுக்கு 2 முதல் 3 வாரங்கள் ஆகலாம். கர்ப்பப்பை அகற்றியவர்களுக்கு 4 முதல் 6 வாரங்கள் வேண்டும். அதுவரை தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் போன்றவற்றைத் தூக்கக் கூடாது. தாம்பத்தியம் மருத்துவர் அனுமதித்த பிறகே. கர்ப்பப்பை அகற்றியவர் குறைந்தது 6 வாரங்கள் காத்திருக்க வேண்டும். கணவர் அவசரப்படுத்தக் கூடாது.

ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட நலமாக இருக்க வேண்டும். வலி கூடினாலோ, காய்ச்சல், தொடர் வாந்தி, அதிக இரத்தப்போக்கு, துர்நாற்றக் கசிவு, காயத்தில் சீழ், சிறுநீர் வராமை, கெண்டைக்காலில் வீக்கம், மூச்சுத் திணறல் இவற்றில் ஒன்று வந்தாலோ, நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 'வாயு வலிதான்' என்று கஷாயம் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம்.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்ததாக அன்னை ஆயிஷா (ரளி) அவர்கள் கூறியுள்ளார்கள். மனைவி நலமாக இருந்தபோதே அப்படி என்றால், அவள் வயிற்றைப் பிடித்துக் கொண்டு நடக்கும் நாட்களில் நம் கடமை என்ன? சோறு வடிப்பதும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் அந்த வாரங்களில் ஆண்களின் வேலையாகட்டும். மாமியாரும் நாத்தனாரும் அவளுக்குக் கைகொடுக்கட்டும். அவள் கேட்காமலேயே அந்த ஓய்வு கிடைக்க வேண்டும். அது அவளுடைய உரிமை.

நோயுற்ற நம் சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.