நம் ஊருக்கு இணையம் வந்த பாதை



பள்ளிக்கூடத்தில் கணினி வலையமைப்புப் பாடம் நடக்கும்போது பிள்ளைகளுக்கு ரவுட்டர், ஐ.பி. முகவரி, சேர்வர் என்று பல சொற்களை மனனம் செய்யக் கொடுக்கிறோம். இதெல்லாம் நம் நாட்டுக்கு எப்போது, யாரால் வந்தது என்று ஒரு பிள்ளை கேட்டால் பெரியவர்களான நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. கையில் எந்நேரமும் இருக்கும் ஒரு பொருளின் வரலாறு தெரியாமல் இருப்பது நல்லதல்ல. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் புறாவிலிருந்து தொடங்குவோம். கொழும்புத் துறைமுகம் பெரிதாகுமுன் ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல்கள் காலியில்தான் நின்றன. அவை கொண்டுவரும் செய்திகளைக் கொழும்புக்கு முந்திக் கொண்டுவர, 1850இல் சிலோன் ஒப்சேவர் பத்திரிகை புறாக்களைப் பறக்கவிட்டது. 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக்கம்பி இழுக்கப்பட்டதும் புறாக்களின் வேலை முடிந்தது. இலங்கையில் செய்தி மின்சாரத்தில் ஓடத் தொடங்கியது அப்போதுதான்.

இணையத்தின் கதை அதற்குச் சுமார் 130 வருடங்கள் கழித்து நடந்தது. மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அபய இந்துருவ, நம் பல்கலைக்கழகங்களைக் கணினியால் இணைக்க வேண்டும் என்ற திட்டத்தை 1989 அளவில் முன்வைத்தார். அதுதான் 'லேர்ன்' என்ற கல்வி வலையமைப்பு. 1990இல் மின்னஞ்சல் சேவை தொடங்கியது. நம் நாட்டுக்கான '.எல்கே' என்ற முகவரி முடிவும் அதே வருடம்தான் கிடைத்தது. வெளிநாடுகளில் இருந்த இலங்கைக் கல்வியாளர்கள் லெக்நெட் என்ற அமைப்பின் மூலம் கைகொடுத்தார்கள்.

அன்றைய மின்னஞ்சல் இன்றைய வட்ஸ்அப் போல உடனே போகாது. எழுதியவை எல்லாம் ஒரு கணினியில் சேர்ந்து கிடக்கும். பிறகு அந்தக் கணினி தொலைபேசி வழியாக இன்னொரு கணினியை அழைத்து, மூட்டையாக அனுப்பிவிட்டு, வந்திருப்பதை வாங்கிக்கொள்ளும். தபால் பை மாற்றுவது போலத்தான். 1990களின் முற்பகுதியில், கட்டுபெத்தையில் உள்ள மொரட்டுவைப் பல்கலைக்கழகம், தும்முல்லை சந்திக்கு அப்பால் உள்ள கொழும்புப் பல்கலைக்கழகம், நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் நிரந்தரமாக இணைக்கப்பட்டன. நாம் பஸ்ஸில் தினமும் கடந்து போகும் வீதிகளுக்கு நடுவேதான் இந்த நாட்டின் இணையம் நடை பழகியது.

இனி, அது வேலை செய்யும் விதம். விண்ட் சேர்ஃப், பொப் கான் என்ற இரு அமெரிக்கர்கள் 1974இல் வெளியிட்ட யோசனைதான் இதற்கு அடிப்படை. பத்துப் பக்கக் கடிதம் ஒன்றைப் பத்து உறைகளில் போட்டு, ஒவ்வொன்றிலும் இலக்கமும் பெறுபவர் முகவரியும் எழுதி அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சந்தியிலும் நிற்கும் ரவுட்டர் முகவரியை மட்டும் பார்த்து அடுத்த சந்திக்குத் தள்ளிவிடும். உறைகள் வெவ்வேறு வழியாகவும் போகலாம். போய்ச் சேர்ந்த இடத்தில் இலக்கப்படி அடுக்கப்படும். ஒன்று குறைந்தால் "மீண்டும் அனுப்பு" என்று கேட்கப்படும். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். உள்ளே எழுதியிருப்பது உண்மையா பொய்யா என்று பார்ப்பது வலையமைப்பின் வேலையே அல்ல. பிழையில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. பொய்யையும் அது ஓர் எழுத்துக் குறையாமல் சேர்க்கும்.

1995இல் லங்கா இன்டர்நெட் நிறுவனம் பணம் கட்டிப் பெறும் சேவையைத் தொடங்கியது. ஆனாலும் நம்மில் பலருக்கு அந்த உலகத்தின் வாசல் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கொமியூனிகேஷன் கடைகள்தான். வெளிநாட்டில் இருக்கும் மகனோடும் மத்திய கிழக்கில் இருக்கும் வாப்பாவோடும் பேச அங்கேதான் வரிசையில் நின்றோம். பிறகு அதே கடைகளின் மூலையில் கணினிகளும் வந்தன.

இணையம் வானத்தில் இருக்கிறது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். 2004 ஓகஸ்ட் மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் கேபிளை அறுத்துவிட்டது. நாட்டின் இணையமும் வெளிநாட்டு அழைப்புகளும் பெருமளவு நின்றுபோயின. நம் செய்திகள் கடலுக்கு அடியில் கண்ணாடி இழைகளில் ஓடுகின்றன என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

தமிழுக்கும் இதில் ஒரு போராட்டம் இருந்தது. ஆரம்பத்தில் நாம் பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாதவரின் கணினியில் வெறும் ஆங்கிலக் குறிகள்தான் தெரியும். யுனிகோட் முறை பரவிய பிறகே தமிழில் எழுதவும் தேடவும் இலகுவானது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம் இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஆயிரக்கணக்கில் வாசிக்கத் தருகிறது. 2010இல் '.இலங்கை' என்ற முகவரி முடிவே தமிழில் கிடைத்தது.

இந்த வரலாற்றில் நாம் மறக்கக்கூடாத ஓர் இடம் கொத்மலை. 1990களின் கடைசியில், யுனெஸ்கோவின் உதவியோடு, கொத்மலை சமூக வானொலிக்கு இணைய வசதி கிடைத்தது. அந்த மலைக் கிராமங்களில் கணினி வாங்கப் பணமும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. மக்கள் தங்கள் கேள்விகளை வானொலிக்கு அனுப்பினார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, விஷயம் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மக்களின் மொழியில் விளக்கினார்கள். இணையத்துக்கும் கேட்பவருக்கும் நடுவே விசாரித்துச் சொல்லும் ஒரு மனிதர் இருந்தார்.

இருபது வருடங்களில் எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் வந்தது. நடுவில் இருந்த அந்த மனிதர் காணாமல் போனார். அதன் விலையை நம் சமூகம் கொடுத்தது. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தியில் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அப்படி ஒரு மாத்திரையே கிடையாது என்று மருத்துவர்களும் சொன்னார்கள். அந்த உண்மை வெளிவருமுன் பொய் நாடு முழுக்கப் போய்விட்டது. அடுத்த வாரம் திகன எரிந்தது.

மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்கியது. சேவை நிறுவனங்கள் அந்தத் தளங்களின் முகவரிக்குப் போகும் உறைகளைச் சந்தியிலேயே நிறுத்தின. பலர் வி.பி.என். போட்டார்கள், அதாவது உறையை வேறு முகவரி எழுதிய இன்னோர் உறைக்குள் ஒளித்து அனுப்பினார்கள். வதந்தி பரப்பியவனுக்கும் அந்த வழி திறந்துதான் இருந்தது. உம்மாவின் சுகம் விசாரிக்க நினைத்த சாதாரண மனிதர்தான் அதிகம் தவித்தார். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் இதே முடக்கம் வந்தது. 2018 வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது.

ஆக, ரவுட்டர் சரிபார்க்காது. நிறுவனம் தாமதமாகவே சரிபார்க்கும். அரசாங்கம் கதவை மூடும், ஆனால் உண்மையைச் சொல்லித் தராது. மிச்சம் இருப்பது நாம்தான். நமக்கு எதிராகப் பரவிய பொய்யைச் சொல்லி வேதனைப்படும் நாமே, நம் ஜமாஅத் குழுக்களில் வரும் போலி மருந்துக் குறிப்பையும், பக்கத்துச் சமூகத்தைப் பற்றிய கதையையும் விசாரிக்காமல் தட்டிவிடுகிறோம். கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி சூரா அல்-ஹுஜுராத்தில் நமக்குக் கட்டளை இருக்கிறது. அது வட்ஸ்அப்புக்கும் பொருந்தும்.

வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். வட்ஸ்அப் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அப்படிப்பட்ட செய்தியை ஒரு தடவையில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும் அனுப்ப 2020 முதல் அந்த நிறுவனமே கட்டுப்பாடு வைத்திருக்கிறது. முதலில் சொன்னவர் யார், எந்த ஊரில், எந்தத் திகதியில் நடந்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அனுப்ப வேண்டாம். சம்பந்தப்பட்ட ஊரில் தெரிந்தவர் இருந்தால் ஓர் அழைப்பு எடுத்துக் கேளுங்கள். கொத்மலையில் அறிவிப்பாளர் செய்த வேலையை ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது பொறுப்பெடுத்துச் செய்தால் போதும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கொமியூனிகேஷன் கடைக் காலத்தைப் பற்றிப் பிள்ளைகளோடு உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் அது இல்லை.